வீட்டு மின்பகிர்வுப் பலகை

வீட்டு மின்பகிர்வுப் பலகை என்பது மின்வாரியத்தின் மின்மானியிலிருந்து வரும் மின்சாரத்தை வீட்டின் பல்வேறு மின்சுற்றுகளுக்குப் பிரித்து அனுப்புவதும், அச்சுற்றுகளில் பழுது ஏற்படும்போது மின்னோட்டத்தைத் துண்டிப்பதும் ஆகிய இரு பணிகளைச் செய்யும் கருவித்தொகுதி ஆகும். இதில் முதன்மை ஆளி, உருகிகள் அல்லது சுற்றுமுறிப்பான்கள், நடுநிலை இணைப்புப் பட்டை, புவியிணைப்புப் பட்டை ஆகியவை அடங்கும். தமிழ்நாட்டில் பேச்சு வழக்கில் பழைய மரப்பலகை வகையை மெயின் போர்டு என்றும், உலோகப் பெட்டியில் அமைந்த புதிய வகையை டி.பி. பெட்டி என்றும் குறிப்பிடுவர்.

மின்பகிர்வுப் பலகை எப்போது மாற்றப்பட வேண்டும் என்பது பெரும்பாலும் அதன் வயதைக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றது. இது போதுமான அளவுகோல் அன்று. பழுது ஏற்பட்டால் சுவருக்குள் உள்ள கம்பி சூடேறும் முன்னரும், மனிதர் ஒருவர் தீங்குறும் முன்னரும் பலகை மின்னோட்டத்தைத் துண்டிக்குமா என்பதே பார்க்கப்பட வேண்டியது. நாற்பது ஆண்டுப் பழமையான பலகை ஒன்று இத்தேர்வில் பாதி தேறலாம். சென்ற ஆண்டு பொருத்தப்பட்ட பெட்டி ஒன்று முற்றிலும் தவறலாம்.

இக்கட்டுரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் ஜீயபுரம், திருவரங்கம் சார்ந்த காவிரிக்கரைப் பகுதி வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. இங்கு கூறப்படும் அமைப்புகள் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் பரவலாகக் காணப்படுபவையே.

பழைய பலகையின் அமைப்பு

ஜீயபுரம், திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில் காவிரியின் தென்கரையில் அமைந்த ஊர். ஈரோடு செல்லும் தொடருந்துப் பாதையில் இதற்கு நிலையம் உண்டு; மேலணை அமைந்துள்ள முக்கொம்பு இதற்கு அருகில் உள்ளது. வாழையும் நெல்லும் விளையும் இப்பகுதியின் ஓட்டு வீடுகளிலும், திருவரங்கத்துத் தெருக்களின் நீண்ட பழைய வீடுகளிலும் மின்பலகை பொதுவாகத் திண்ணையிலோ நடையிலோ இருக்கும். கணக்கெடுக்க வருபவர் வீட்டினுள் நுழையாமல் மின்மானியைப் பார்ப்பதற்காக அமைந்த இடம் அது.

இத்தகைய பலகையின் உறுப்புகள் எளியவை. தேக்குப் பலகை ஒன்றின் மீது மின்வாரியத்தின் மின்மானியும், வாரியம் முத்திரையிட்ட உருகியும் இருக்கும். அடுத்து வார்ப்பிரும்பு அல்லது தகட்டு உறையிட்ட இருமுனை முதன்மை ஆளி. அதற்கு அப்பால் வெண்பீங்கானாலான உருகிக் கட்டைகள். இவற்றைக் கடைகளில் கிட்கேட் பியூஸ் என்று கேட்டு வாங்குவர். ஒவ்வொரு கட்டையிலும் மெல்லிய உருகிக் கம்பி ஒன்று இரு திருகாணிகளுக்கு இடையே கட்டப்பட்டிருக்கும்.

வாரியத்தின் முத்திரை உள்ள பகுதி வரை நுகர்வோர் கைவைக்க உரிமை இல்லை. அதற்கு அப்பால் உள்ளது முழுவதும் வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. இந்த எல்லையைப் பலர் அறிவதில்லை. எனவே, 'வாரியத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்' என்பதை வீட்டுப் பலகை நன்றாக இருப்பதற்கான சான்றாகக் கொள்ள இயலாது.

வரலாறு

மின்சுற்றில் வேண்டுமென்றே ஒரு நலிந்த இடத்தை அமைத்து, மிகை மின்னோட்டத்தின்போது அது மட்டும் உருகி அழியுமாறு செய்வதே உருகியின் தத்துவம். இது தாமசு எடிசனின் மின்வழங்கல் அமைப்புகளின் காலத்திலிருந்து, அதாவது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, பயன்பாட்டில் உள்ளது. மீண்டும் மீண்டும் பயன்படுத்தத்தக்க சிறு சுற்றுமுறிப்பானுக்குச் செருமனியின் மன்கைம் நகரைச் சேர்ந்த ஊகோ சுடொட்சின் நிறுவனம் 1924இல் காப்புரிமை பெற்றது. இதுவே இன்று எம்.சி.பி. என வழங்குகின்றது. புவிக்கு ஒழுகும் சிறு மின்னோட்டத்தை உணர்ந்து துண்டிக்கும் முறிப்பான்கள் 1950களில் தென்னாப்பிரிக்கா, ஆசுத்திரியா முதலிய நாடுகளில் உருவாயின.

தமிழ்நாட்டில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இலும், மேட்டூர் நீர்மின் நிலையம் 1937இலும் இயங்கத் தொடங்கின. தமிழ்நாட்டின் மின்வாரியம் சூலை 1, 1957இல் அமைக்கப்பட்டது. அதன் பின்வந்த பத்தாண்டுகளில்தான் காவிரிக்கரைச் சிற்றூர்களுக்குப் பெருமளவில் மின்சாரம் சென்றது. அக்காலத்து வீடு ஒன்றின் மின்சுமை சில குண்டு விளக்குகள், ஒரு மின்விசிறி, ஒரு வானொலிப்பெட்டி என்ற அளவில் நின்றது. 15 ஆம்பியர் முதன்மை ஆளி அதற்குத் தாராளமாகப் போதுமானதாக இருந்தது.

பின்னர் சுமை படிப்படியாக உயர்ந்தது. வசதி குறைந்த வீடுகளையும் இவ்வுயர்வு விட்டுவைக்கவில்லை. 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டமும், 2011இல் தொடங்கிய விலையில்லா மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் வழங்கும் திட்டமும் ஒரு விளக்குக்கெனக் கம்பியிடப்பட்ட வீடுகளிலும் பல கருவிகளைக் கொண்டு சேர்த்தன. ஏறத்தாழ 2008 முதல் சில ஆண்டுகள் நிலவிய கடும் மின்வெட்டு, வீடுதோறும் மின்கலத்தில் இயங்கும் இன்வெர்ட்டரைக் கொண்டுவந்தது. இவை ஒவ்வொன்றும் வந்தபோது பலகையில் ஒரு கம்பி கூடியது. பலகை மட்டும் மாறவில்லை.

உருகிக் கம்பியும் மின்கம்பி இழையும்

பீங்கான் உருகி தன்னளவில் மோசமான கருவி அன்று. அதன் குறை, அதை யாரும் எதைக்கொண்டும் மீண்டும் கட்டலாம் என்பதே.

இரவில் உருகி போய்விட்டால், வீட்டில் கிடக்கும் துண்டு ஒயரை உரித்து, அதன் செம்பு இழைகளைத் திரித்துக் கட்டும் வழக்கம் எங்கும் உண்டு. 0.75 சதுர மி.மீ. நெகிழ்கம்பியில் 0.2 மி.மீ. விட்டமுடைய 24 இழைகள் இருக்கும். செம்புக் கம்பி உருகும் மின்னோட்டத்தை மதிப்பிடுவதற்குப் பிரீசு என்பாரின் பழைய வாய்பாடு ஒன்று உள்ளது: மி.மீட்டரில் விட்டத்தின் ஒன்றரை அடுக்கை 80ஆல் பெருக்க வேண்டும். இதன்படி 0.2 மி.மீ. இழை ஒன்று ஏறத்தாழ 7 ஆம்பியரில் உருகும். ஈயம் பூசிய செம்பில் 5 ஆம்பியர் உருகிக்கெனத் தரப்படுத்தப்பட்ட விட்டமும் இதுவே. ஆக, ஓர் இழை கட்டினால் தவறில்லை. ஆனால் ஓர் இழை கையில் நிற்பதில்லை. திருகாணியை முறுக்கும்போதே அறுந்துவிடும். எனவே நான்கு இழைகளைத் திரித்துக் கட்டுவர். அப்போது அது உருக ஏறத்தாழ 28 ஆம்பியர் தேவைப்படுகின்றது.

அந்த உருகியின் பின்னே சுவரில் ஓடுவது 1.5 சதுர மி.மீ. அலுமினியக் கம்பி எனில், அது இடர் இன்றித் தாங்கக்கூடியது சுமார் 10 ஆம்பியர். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 28 ஆம்பியரில் அது தாங்கக்கூடியதைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்கு வெப்பம் உண்டாகும். உருகியின் வேலை இப்போது சுவருக்குள் இருக்கும் கம்பிக்கு மாறிவிட்டது. 'பியூஸ் இப்போதெல்லாம் போவதே இல்லை' என்று ஒரு வீட்டில் மகிழ்ச்சியோடு கூறினால், அக்கட்டையைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

இதே தவறு புதிய பெட்டிகளிலும் வேறு வடிவில் நிகழ்கின்றது. 16 ஆம்பியர் சுற்றுமுறிப்பான் அடிக்கடி விழுகின்றது என்பதற்காக அதை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் முறிப்பானைப் பொருத்துவது, நான்கு இழை கட்டுவதற்கு முற்றிலும் ஒப்பானதே. பார்வைக்கு மட்டும் இது நவீனமாக இருக்கும்.

மூன்று வகைப் பழுதுகள்

தமிழ் நாளிதழ்களில் மின்சாரத்தால் ஏற்படும் தீ அனைத்தும் 'மின்கசிவு' என்றே எழுதப்படுகின்றது. இச்சொல் மூன்று வெவ்வேறு நிகழ்வுகளை மறைத்துவிடுகின்றது. பலகையை மாற்றுவது குறித்த முடிவுக்கு இம்மூன்றையும் பிரித்தறிவது இன்றியமையாதது.

முதலாவது மிகைச்சுமை. பழுது ஏதும் இல்லாத கருவிகளே, கம்பி தாங்குவதைவிட மிகுதியான மின்னோட்டத்தை இழுத்தல். 2 கிலோவாட் நீர்சூடேற்றி 230 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் இழுக்கும். தூண்டல் அடுப்பும் அதே அளவு. ஒன்றரை டன் குளிரூட்டி சுமார் 7 ஆம்பியர், 1 குதிரைத்திறன் ஆழ்குழாய் இறைப்பி 5 முதல் 7 ஆம்பியர், துணி தேய்க்கும் பெட்டி 4 ஆம்பியர். மார்கழிக் காலையில் இவற்றுள் நான்கு ஒன்றாக இயங்குவது அரிதன்று. பழைய 15 ஆம்பியர் முதன்மை ஆளி இருமடங்குச் சுமையைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது குறுக்குச்சுற்று, அதாவது ஷார்ட் சர்க்கியூட். பேஸ் எனப்படும் கட்டக் கம்பியும் நியூட்ரல் எனப்படும் நடுநிலைக் கம்பியும் நேரடியாகத் தொட்டுக்கொள்ளுதல். பல நூறு ஆம்பியர் நொடிப்பொழுதில் பாயும். சுற்றுமுறிப்பானின் காந்தப் பகுதி இதனை உணர்ந்து உடனே துண்டிக்கும். முறிப்பானின் மேல் பி, சி, டி என்று அச்சிடப்பட்டிருப்பது இவ்வுணர்வின் அளவைக் குறிப்பதாகும்: பி வகை தன் வரையளவின் 3 முதல் 5 மடங்கிலும், சி வகை 5 முதல் 10 மடங்கிலும், டி வகை 10 முதல் 20 மடங்கிலும் உடனடியாக விழும்.

மூன்றாவதே உண்மையான மின்கசிவு. கட்டக் கம்பியிலிருந்து மின்சாரம் கருவியின் உடல் வழியாகவோ, ஈரச்சுவர் வழியாகவோ, மனிதர் வழியாகவோ மண்ணுக்குச் செல்லுதல். உருகியும் சுற்றுமுறிப்பானும் உணராத பழுது இதுதான். கீழ்வரும் கணக்கு இதனை விளக்கும்.

ஜீயபுரத்து வீடு ஒன்றின் பின்கட்டில் கரியும் உப்பும் இட்டுக் குழாய் புதைத்து எர்த் அமைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம். அதன் தடை 8 ஓம். தெருமுனை மின்மாற்றியின் புவியிணைப்புத் தடை 2 ஓம். கிரைண்டரின் உள்ளே கட்டக் கம்பி உடலைத் தொட்டுவிட்டால், 230 வோல்ட்டை 10 ஓமால் வகுக்க 23 ஆம்பியர் கிடைக்கின்றது. சுற்றுமுறிப்பான்களுக்கான தரத்தின்படி, வரையளவின் 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்திற்குள் விழுந்தால் போதும். 16 ஆம்பியர் முறிப்பானுக்கு 23 ஆம்பியர் என்பது 1.44 மடங்கு. அது ஒரு மணி நேரமும் விழாமல் இருக்கலாம். 32 ஆம்பியர் முறிப்பான் ஒருபோதும் விழாது. அவ்வளவு நேரமும் கிரைண்டரின் உடலில் 23 ஆம்பியரையும் 8 ஓமையும் பெருக்கக் கிடைக்கும் 184 வோல்ட் நிற்கும். எர்த் இருந்தும், எம்.சி.பி. இருந்தும், ஈரக்கையால் அதைத் தொடுபவர் உயிரிழக்கக்கூடும்.

இங்கு 8 ஓம் என்பது ஈரமுள்ள வண்டல் மண்ணுக்குக் கொண்ட நல்ல மதிப்பு. காவிரி வறண்டு கிடக்கும் சித்திரை, வைகாசி மாதங்களில் மண் காய்ந்து இது உயரும். தடை உயர உயரக் கசியும் மின்னோட்டம் குறைந்து, முறிப்பான் விழும் வாய்ப்பு மேலும் குறையும்.

இதற்கான கருவி ஆர்.சி.சி.பி. எனப்படும் கசிவு முறிப்பான். முன்னர் இ.எல்.சி.பி. என்ற பெயர் வழங்கியது. இலங்கையில் இதனை ட்ரிப் சுவிட்ச் என்பர். இது கட்டக் கம்பியில் செல்வதும் நடுநிலைக் கம்பியில் திரும்புவதும் சமமா என்பதை மட்டுமே பார்க்கின்றது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினால், அதாவது மேற்கண்ட 23 ஆம்பியரில் எழுநூறில் ஒரு பங்குக்கும் மிகாத அளவிலேயே, நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். மறுபுறம், மிகைச்சுமையையும் குறுக்குச்சுற்றையும் இது உணராது. எனவே ஒன்றிருந்தால் மற்றொன்று வேண்டா என்று கொள்ளலாகாது. இரண்டையும் ஒருங்கே செய்யும் ஆர்.சி.பி.ஓ. வகையும் கடைகளில் கிடைக்கின்றது.

நான்காவதாக ஒன்றையும் சொல்லவேண்டும்: தளர்ந்த இணைப்பு. திருகாணி நெகிழ்ந்த இடத்தில் பொறி எழும், மின்னோட்டமோ வழக்கமான அளவில் இருக்கும், கசிவும் இராது. மேற்கூறிய கருவிகள் எவையும் இதனை உணராமல் போகலாம். இதைக் கண்டறியும் கருவிகள் அயல்நாடுகளில் உள்ளன எனினும் நம் வீடுகளில் அவை அரிது. இங்கு கண்ணும் மூக்குமே கருவிகள்.

திருவரங்கம் திருமண மண்டபத் தீ, 2004

சனவரி 23, 2004 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றில் ஏற்பட்ட தீயில் மணமகன் உட்பட 60க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நிகழ்ச்சியை ஒளிப்பதிவு செய்வதற்கான விளக்கின் மின்கம்பியில் எழுந்த பொறி கீற்றுப் பந்தலில் பற்றியதே தீக்குக் காரணமாகக் கூறப்பட்டது. குறுகிய வழி, எளிதில் எரியும் பந்தல் ஆகியவை உயிரிழப்பைப் பெருக்கின.

இது வீட்டில் நிகழ்ந்தது அன்று எனினும் இங்கு குறிப்பிடத்தக்கது. வீட்டு விழாக்களின்போதும் இதே முறையில்தான் தற்காலிக மின்சாரம் எடுக்கப்படுகின்றது. காதுகுத்து, வளைகாப்பு, புதுமனை புகுவிழா எதுவாயினும் ஒலிபெருக்கிக்காரரும் விளக்குக்காரரும் பலகையின் உருகிக் கட்டையிலிருந்தே கம்பியைச் செருகி எடுப்பதைக் காணலாம். அங்கு உருகியும் இல்லை, முறிப்பானும் இல்லை, இறுக்கமான இணைப்பும் இல்லை. அவ்வாறு செருகி எடுத்த இடம் விழா முடிந்த பின்னும் நெகிழ்ந்தே இருக்கும்.

மாற்ற வேண்டியதன் அறிகுறிகள்

சில அறிகுறிகள் தென்பட்டால் காத்திருத்தல் கூடாது. முதன்மை ஆளியின் மேல் கைவைக்கும்போது சூடு தெரிதல், இணைப்பு முனைகளைச் சுற்றிப் பழுப்பு அல்லது கருமை படிதல், கொதிக்கும் எண்ணெயின் இரைச்சல் போன்ற மெல்லிய ஒலி, எரிந்த வாடை ஆகியவை அவை. பேக்கலைட் முதலிய நெகிழிகள் சூடாகும்போது மீன் கவிச்சை போன்ற வாடை எழுவதுண்டு. சமையலறையில் மீன் இல்லாத நாளில் நடையில் இவ்வாடை வந்தால் முதன்மை ஆளியை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும். மரப்பலகையில் கரிந்த தடம் இருப்பின் அப்பலகையை மீண்டும் பயன்படுத்தலாகாது.

நடுநிலைக் கம்பியில் தனி உருகி இருப்பதும் பலகையை மாற்றப் போதுமான காரணமாகும். பழைய வீடுகளில் கட்டக் கம்பிக்கு ஒன்று, நடுநிலைக்கு ஒன்று என இரு பீங்கான் கட்டைகள் இணையாக இருப்பதைக் காணலாம். இரண்டும் ஒரே அளவுள்ளவையாதலின் எது முதலில் உருகும் என்று சொல்ல இயலாது. நடுநிலையில் உள்ளது உருகினால் விளக்கு அணையும். கம்பியில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். மின்சாரம் இல்லை என்று எண்ணி விளக்குத் தாங்கியில் கைவைப்பவர் தாக்கப்படுவார். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே நடுநிலையில் தனியாக உருகி வைப்பதைத் தடைசெய்துள்ளன. எனினும் இவ்வமைப்பு அதன் பின்னரும் பல வீடுகளில் தொடர்ந்தது.

கசிவு முறிப்பான் அறவே இல்லாத பலகைகள் அடுத்த நிலையில் வருகின்றன. 1956ஆம் ஆண்டு விதிகளில் பின்னர் சேர்க்கப்பட்ட 61-அ விதி, 5 கிலோவாட்டுக்குக் குறைந்த தாழ்மின்னழுத்த இணைப்புகளுக்கு இதிலிருந்து விலக்களித்திருந்தது. சாதாரண வீடுகளில் இது இல்லாமற்போனதற்கு அதுவும் ஒரு காரணம். மத்திய மின் ஆணையத்தின் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் 2010இலும், அவற்றுக்கு மாற்றாக 2023இலும் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டு மின் பகிர்மான நிறுவனமும் 2023இல் வீடுகளிலும் கடைகளிலும் கசிவு முறிப்பான் பொருத்துமாறு வலியுறுத்தியது. பலகை நல்ல நிலையில் இருந்து இது ஒன்று மட்டும் இல்லை எனில், முழுப் பலகையையும் மாற்றாமல் முதன்மை ஆளிக்கு அடுத்துச் சிறு பெட்டி ஒன்றில் இதைப் பொருத்தலாம். செலவிடும் பணத்திற்கு மிகுந்த பயன் தருவது இதுவே.

சுமை கூடும்போது மாற்றுவது திட்டமிட்டுச் செய்யத்தக்கது. குளிரூட்டி, நீர்சூடேற்றி, மின்வண்டி மின்னேற்றி, கூரைமேல் சூரிய மின்தகடு ஆகிய எதைப் பொருத்துவதாயினும் அதற்கெனத் தனிச்சுற்றும் தனி முறிப்பானும் தேவை. ஒரே முனையில் மூன்று கம்பிகளைத் திணிக்க வேண்டிய நிலை வந்துவிட்டால் பெட்டி போதவில்லை என்று பொருள். ஒப்பளிக்கப்பட்ட மின்பளுவைத் தாண்டினால் வாரியத்திடம் விண்ணப்பித்து அதனை உயர்த்திக்கொள்ள வேண்டும். ஒருமுனை இணைப்பு மும்முனையாக மாறும்போது பலகை எப்படியும் மாறும்.

பல்லியும் எறும்பும் இறுதியாகக் குறிப்பிடத்தக்கவை. கம்பி நுழையாத துளைகள் அடைக்கப்படாமல் விடப்பட்டால் பெட்டியின் வெதுவெதுப்பை நாடிப் பல்லிகள் குடியேறும். இணைப்புப் பட்டைகளுக்கிடையே பல்லி மாட்டி இறப்பது குறுக்குச்சுற்றுக்குக் காரணமாவதுண்டு. இதற்குப் பெட்டியை மாற்ற வேண்டியதில்லை. துளைகளை அடைத்தால் போதும்.

பலகையின் குற்றம் அல்லாதவை

முறிப்பான் அடிக்கடி விழுவதை அதன் பழுதாகக் கொள்வது பொதுவான தவறு. பெரும்பாலும் அது தன் கடமையையே செய்துகொண்டிருக்கும். மழைநாளில் மட்டும் கசிவு முறிப்பான் விழுமாயின் மொட்டைமாடி விளக்கு, வெளிச்சுவர் ஆளி, இறைப்பியின் இணைப்பு ஆகியவற்றில் ஈரம் புகுந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் வேறொரு சிக்கல் உண்டு. இன்வெர்ட்டர் சுற்றின் நடுநிலையும் மற்றச் சுற்றுகளின் நடுநிலையும் எங்கோ ஓர் ஆளிப்பலகையில் ஒன்றாக முறுக்கப்பட்டிருந்தால், கசிவு முறிப்பான் பொருத்திய அன்றே விழத் தொடங்கும். கட்டக் கம்பி வழியே சென்ற மின்னோட்டம் வேறு வழியில் திரும்புவதால் அது கசிவாகவே தெரிகின்றது. 'இந்த வீட்டுக்கு இது ஒத்துவராது' என்று கூறி முறிப்பானைக் கழற்றிவிடும் பணியாளர்கள் உள்ளனர். நடுநிலைகளைத் தேடிப் பிரிப்பதே முறை. அதற்கு அரை நாளாவது செலவாகும்.

மும்முனை இணைப்புள்ள வீட்டில் சில விளக்குகள் மிகுந்து ஒளிர்ந்து, வேறு சில மங்கினால், நடுநிலைக் கம்பி எங்கோ அறுந்துள்ளது எனலாம். அப்போது கருவிகளுக்கு 230 வோல்ட்டுக்கு மாறாக 400 வோல்ட்டை நெருங்கிய அழுத்தம் செல்லக்கூடும். உடனே முதன்மை ஆளியை அணைக்க வேண்டும். பழுது கம்பத்தில் இருக்கலாமாதலால் வாரியத்திற்கும், 2021இல் தொடங்கப்பட்ட மின்னகம் சேவை மையம் வழியாக, தெரிவிக்க வேண்டும்.

வெள்ளத்தில் நனைந்த பலகைகள்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட தீவாகிய திருவரங்கமும், தென்கரைச் சிற்றூர்களும் வெள்ளத்தை அறிந்தவை. 1977 நவம்பரிலும் 2005ஆம் ஆண்டின் இறுதியிலும் திருச்சிராப்பள்ளியின் பல குடியிருப்புகளில் வெள்ளம் புகுந்தது.

நீரில் மூழ்கிய சுற்றுமுறிப்பான்களையும் கசிவு முறிப்பான்களையும் உலர்த்திப் பயன்படுத்தலாகாது. உள்ளே உள்ள வில்லும் நெம்புகோலும் வண்டல் படிந்தும் துருப்பிடித்தும் இறுகிவிடும். ஆளி போல அணைக்கவும் போடவும் இயலும். பழுதின்போது தானாக விழாது. இந்நிலையில் உள்ள முறிப்பானை வெளித்தோற்றத்தால் அறிய இயலாது என்பதே இதன் கேடு. பீங்கான் உருகிக் கட்டையைக் கழுவி வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தலாம். பழையது புதியதை வெல்லும் இடம் இது ஒன்றே. புதிய பெட்டியைப் பொருத்தும்போது, ஊரார் நினைவில் உள்ள வெள்ளமட்டத்திற்கு மேலே வைப்பது நன்று. பல திண்ணைச் சுவர்களில் அம்மட்டம் இன்றும் கறையாகத் தெரியும்.

மாற்றும் பணி

இப்பணியைத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வழியாகவே செய்விக்க வேண்டும். முதன்மை ஆளியை அணைத்தாலும் மின்மானியிலிருந்து அதன் மேல்முனை வரை மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். ஆதலால், முத்திரையிட்ட உருகியை வாரியப் பணியாளர் அகற்றிய பின்னரே முதன்மை ஆளியைக் கழற்ற முடியும்.

புதிய பெட்டியின் அளவுகள் சுவரில் உள்ள கம்பியைக் கொண்டு முடிவு செய்யப்படுகின்றன; கருவிகளைக் கொண்டு அன்று. 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் இயங்கும் விளக்குச் சுற்றுக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5 சதுர மி.மீ. கம்பிக்கு 16 ஆம்பியர், 4 சதுர மி.மீ. கம்பிக்கு 20 அல்லது 25 ஆம்பியர் முறிப்பான் என்பது வழக்கமான பொருத்தம். பழைய அலுமினியக் கம்பியை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை மட்டும் மாற்றினால் முறிப்பானின் அளவை இன்னும் குறைக்க வேண்டும். தேக்கு ரீப்பர்மேல் ஓடும் பழைய இரப்பர் உறைக் கம்பிகள் தொட்டால் பொடியும் நிலையில் இருந்தால் பெட்டிக்கு முன் கம்பியிடலை மாற்றுவதே சரி. ஒளிரும் புதிய பெட்டிக்குப் பின்னால் பொடிந்த கம்பிகளை விட்டுவைப்பது இப்பகுதியில் மிகுதியாகக் காணப்படும் குறை.

முறிப்பான்களில் இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.ஐ. குறி, துண்டிப்புத் திறன் ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். 6000 அல்லது 10000 என்று சிறு கட்டத்தினுள் அச்சிடப்பட்டிருக்கும் எண், குறுக்குச்சுற்றின்போது அது சிதறாமல் துண்டிக்கக்கூடிய ஆம்பியரைக் குறிக்கும். மின்மாற்றிக்கு மிக அருகில் உள்ள வீடுகளுக்கு உயர்ந்த எண் விரும்பத்தக்கது.

இணையத்தில் இப்பொருள் குறித்துத் தேடுவோர்க்கு அமெரிக்க வழிகாட்டல்களே மிகுதியாகக் கிடைக்கின்றன. அங்கு வீட்டு மின்னழுத்தம் 120, 240 வோல்ட். பலகைகள் 100, 200 ஆம்பியர் அளவின. தன் கடமையின்போது விழாத முறிப்பான்களைக் கொண்டவை எனப் பெயர்கெட்ட சில பழைய பலகை வகைகளை வயது நோக்காமல் மாற்றுமாறு அங்கு அறிவுறுத்துவர். அப்பலகைகள் நம்நாட்டு வீடுகளில் இல்லை. அவ்வெண்களைக் கொண்டு இங்குள்ள பலகை சிறியது என்று முடிவு செய்வது பொருந்தாது.

பணி முடிந்ததும் சோதனைப் பொத்தானை அழுத்திக் கசிவு முறிப்பான் விழுவதைப் பார்க்க வேண்டும். அப்பொத்தான் கருவியின் உட்பகுதியை மட்டுமே சோதிக்கும். வீட்டின் எர்த் நன்றாக உள்ளதா என்பதைத் தெரிவிக்காது. அதற்குப் புவித்தடை அளவி கொண்டு தனியே அளக்கச் சொல்ல வேண்டும், இயன்றால் கோடையில். பின்னரும் சில மாதங்களுக்கு ஒருமுறை பொத்தானை அழுத்திவருதல் வேண்டும். நெடுநாள் அசையாத முறிப்பான் இறுகிப்போவதுண்டு. ஒவ்வொரு முறிப்பானின் கீழும் அது எந்த அறைக்குரியது என்பதைத் தமிழில் எழுதி ஒட்டிவைத்தால், பணியாளர் இல்லாத இரவிலும் வீட்டில் உள்ளோர் எவரும் உரிய சுற்றை அணைக்க இயலும்.